லினோகட்: எழுத்து இடவலம் மாறாமல் முதல் பிரதி எடுக்க

லினோகட் என்றால் லினோ (லினோலியம்) துண்டில் படத்தை உளியால் வெட்டி, வெட்டாமல் விட்ட மேற்பரப்பில் மை பூசித் தாளில் அச்செடுப்பது. பின்பக்கம் சணல் துணி ஒட்டிய சாம்பல் நிற லினோ, 3.2 மி.மீ. தடிமன், 15 x 10 செ.மீ. துண்டு ஒன்று போதும். ரப்பர் மாதிரி மெத்தென்று வரும் பிளாக்குகள் வெட்டச் சுகம்தான். ஆனால் மெல்லிய கோடு அதில் நிற்காது, பிய்ந்துவிடும். உளியில் இரண்டு வாங்குங்கள்: கோட்டுக்கு 2 மி.மீ. 'வி' முனை, பரப்பை எடுக்க 5 மி.மீ. 'யு' முனை. பத்து முனை வரும் மலிவு செட்டில் எட்டைத் தொடவே மாட்டீர்கள்.

அடுத்து படத்தை லினோவுக்கு மாற்றுவது. பலரும் சறுக்குவது இங்குதான். கார்பன் தாள் வைத்து நேராக வரைந்தால் லினோவிலும் நேராகத்தான் விழும், அச்சில் இடவலம் மாறிவிடும். மீனோ பூவோ என்றால் யாருக்கும் தெரியாது. பெயர் என்றால் மானம் போகும். 'ப' மாறினாலும் 'ப' போலவே இருப்பதால் வெட்டும்போது கண் ஏமாறும். 'ட' உடனே காட்டிக்கொடுக்கும். 'கொ'வில் கொம்பு வலப்பக்கமும் கால் இடப்பக்கமும் போய் நிற்கும்.

கார்பனை விடுங்கள். மெல்லிய தாளில் 4பி பென்சிலால் அழுத்தி வரைந்து, தாளைக் கவிழ்த்து லினோமேல் டேப் போட்டு, கரண்டி முதுகால் தேயுங்கள். படம் தானாகவே மாறி விழும். கை பட்டு அழியுமுன் பெர்மனன்ட் மார்க்கரால் அதன்மேல் வரைந்துவிடுங்கள். பிறகு லினோவைக் கண்ணாடிமுன் பிடியுங்கள். கண்ணாடியில் எப்படித் தெரிகிறதோ அப்படித்தான் அச்சாகும்.

லினோ விறைப்பாக இருந்தால் பத்து நிமிடம் வெயிலில் வையுங்கள், வெண்ணெய் மாதிரி வெட்டும். உளியைச் சாய்வாகப் பிடியுங்கள். மறுகை எப்போதும் உளிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். வளைவுக்கு உளியைத் திருப்பாதீர்கள், லினோவைத் திருப்புங்கள். சணல் தெரியும் வரை தோண்ட வேண்டாம். கோட்டின் அடியைக் குடைந்துவிட்டால் அச்சழுத்தத்தில் கோடு சாய்ந்துவிடும்.

மையைக் கண்ணாடிப் பலகையில் இரண்டு கொண்டைக்கடலை அளவு வைத்து ரோலரால் பரப்புங்கள். அளவைக் காதால் பாருங்கள்: கடுகு வெடித்து அடங்கியபின் எழும் மெல்லிய 'சிர்ர்' ஓசை வந்தால் சரி. 'பச் பச்' என்று ஒட்டினால் மை அதிகம். மெல்லிய பள்ளங்கள் அடைத்துக்கொள்ளும். லினோமேல் பல திசையில் லேசாக நாலைந்து முறை உருட்டினால் போதும். நீர் மை என்றால் மின்விசிறியை அணையுங்கள், இல்லையென்றால் தாள் வைக்குமுன்பே காய்ந்துவிடும்.

முதலில் செய்தித்தாளில் ஒரு சோதனைப் பிரதி. அப்புறம் 80 ஜிஎஸ்எம் அளவு மெல்லிய தாள். அதன்மேல் பட்டர் பேப்பர் வைத்து, கரண்டி முதுகால் வட்டமாக, மூலைகளை விடாமல் தேயுங்கள். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, வெளிறிய இடத்தில் மறுபடி தேய்க்கலாம். முழுதும் உரித்துவிட்டால் திரும்பப் பொருத்த முடியாது.

பின்னர் சேர்த்தது: கையால் செய்த தடித்த காகிதத்தில் புள்ளி புள்ளியாக வருகிறது என்றால் கையழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். எண்ணெய் மை என்றால் காகிதத்தை லேசாக ஈரப்படுத்திப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் அழுத்துப்பொறி தேவை. சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி மண்டல மையம் போன்ற கூடங்களில் இருக்கும்.

எண்ணெய் மையைச் சமையல் எண்ணெயால் துடைத்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். ரோலரை உருளை தரையில் படும்படி வைக்காதீர்கள், ஒருபக்கம் தட்டையாகிவிடும்.