வெயிலைத் தவிர்க்கும் தோல் புற்றுநோயாளிகள் எலும்பு விஷயத்தில் செய்யும் தவறுகள்

தோல் புற்றுநோய் வந்தவர்களிடம் மருத்துவர் முதலில் சொல்வது வெயிலைத் தவிருங்கள் என்பதுதான். சரியான அறிவுரை, மாற்றுக் கருத்தே இல்லை. கூடவே சொல்ல வேண்டிய இன்னொன்றுதான் அடிக்கடி விடுபட்டுப் போகிறது. பெரும்பாலானோருக்கு வைட்டமின் டி கிடைப்பது வெயில் படும் தோலின் வழியாக. அந்த வழியை அடைத்தால் வேறு வழியில் கொடுத்தாக வேண்டும். வைட்டமின் டி குறைந்தால் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. ரத்தத்தில் கால்சியம் குறையும்போது கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி அதை எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும். வருடக்கணக்கில் இப்படி நடந்தாலும் பலருக்கு வெளியே எதுவும் தெரியாது.

இது தெரிந்ததும் பலர் செய்யும் பெரிய தவறு, எலும்புக்காகக் கொஞ்ச நேரம் என்று மறுபடியும் வெயிலில் போய் உட்காருவது. வைட்டமின் டி உருவாகக் காரணமான புற ஊதா பி கதிர்தான் தோல் செல்களின் டி.என்.ஏ.வையும் சிதைக்கிறது. நல்லதை மட்டும் பிரித்து வாங்க முடியாது. நேரத்தைக் கூட்டினாலும் பலன் கூடாது. தோலில் உருவாகும், பின்பு வைட்டமின் டி-யாக மாற வேண்டிய முன்பொருள் ஓர் அளவுக்கு மேல் அதே வெயிலில் பயனற்ற வேறு பொருட்களாக மாறிவிடுகிறது; சிதைவு மட்டும் ஏறிக்கொண்டே போகும். செயற்கைப் புற ஊதா விளக்குப் படுக்கைகளின் பக்கமே போக வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009-இல் அவற்றை, புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது.

மூடிய கண்ணாடி ஜன்னலருகே வெயில் காய்வதும் வீண். கண்ணாடி புற ஊதா பி கதிரைத் தடுத்துவிடும். தோலைக் கெடுக்கும் புற ஊதா ஏ கதிரில் பெரும்பங்கு உள்ளே வந்துவிடும்.

சன்ஸ்கிரீன் போட்டால் வைட்டமின் டி வற்றிவிடும் என்று பயந்து அதை நிறுத்துகிறவர்களும் உண்டு. அன்றாட வாழ்க்கையில் நாம் பூசும் அளவு, பூச வேண்டிய அளவைவிடக் குறைவு. சன்ஸ்கிரீன் மட்டுமே குறைபாட்டை உண்டாக்குவது அரிது. முழுக்கைச் சட்டை, தொப்பி, வீட்டுக்குள்ளேயே இருப்பது எல்லாம் சேரும்போதுதான் குறையும் வாய்ப்பு அதிகம். எனவே ஊகிக்காமல் '25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி' ரத்தப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் நீங்களாகவே கேளுங்கள். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாகக் குறைபாடு என்பார்கள்.

மாத்திரையில் தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. சிலர் எடுப்பதே இல்லை. சிலர் யாரையும் கேட்காமல் அள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். பெரியவர்களுக்கு 70 வயது வரை நாளுக்கு 600 ஐ.யூ. (சர்வதேச அலகு), அதற்கு மேல் 800 என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. மருத்துவர் சொல்லாமல் 4,000-ஐத் தாண்டக் கூடாது. மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். மொத்தமாக ஒரே தடவையில் போட்டுவிடலாம் என்ற எண்ணமும் ஆபத்து. 2010-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், வருடத்துக்கு ஒருமுறை 5 லட்சம் ஐ.யூ. எடுத்த வயதான பெண்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் கீழே விழுந்தார்கள். எலும்பு முறிவும் கூடியது. உணவோடு சேர்த்து, சிறு அளவில், தொடர்ந்து எடுப்பதே நல்லது. கால்சியமும் புரதமும் சாப்பாட்டில் இருக்கட்டும்.

வெயிலுக்குப் பயந்து நடப்பதையே விட்டுவிடுகிறார்களே, அதுதான் எனக்கு மிகவும் வருத்தம். எலும்புக்கு உடல் எடையைத் தாங்கும் வேலை வேண்டும். அதிகாலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ நடக்கலாம். வீட்டுக்குள் மாடிப்படி ஏறலாம், எடை தூக்கலாம்.

நோயெதிர்ப்பு சிகிச்சையின் பக்கவிளைவுக்காக ஸ்டீராய்டு எடுப்பவர்களும், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு தொடர்ந்தால் வைட்டமின் டி மட்டும் பார்த்தால் போதாது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றியும் பேசுங்கள்.

கடைசியாக, புதிதாக வரும் எலும்பு வலியை "டி சத்துக் குறைவுதான்" என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் எலும்புக்கும் பரவக்கூடியது. ஒரே இடத்தில் விடாமல் வலித்தாலோ, ராத்திரியில் தூக்கத்தைக் கெடுத்தாலோ அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் புற்றுநோய் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். முதுகு வலியோடு கால் மரத்துப்போனாலோ பலம் குறைந்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.