பேட்ச் ஏறாத பழைய கணக்கு மென்பொருள்

யாங்கோனில் மாமா கடைக் கணினியில் கணக்கு மென்பொருளுக்குப் பேட்ச் (பிழை திருத்தும் சிறு அப்டேட்) போட்டால் பிழை 1612: நிறுவல் மூலக் கோப்பு கிடைக்கவில்லையாம். அட்மினாக இயக்கினேன், ஆன்டிவைரஸை அணைத்தேன், பலனில்லை. மென்பொருளை நீக்கப் பார்த்தால் அதற்கும் அதே பிழை.

அப்புறம் நிறுவும்போது நடப்பதைப் பதியும் விரிவான லாக் எடுத்தேன். விண்டோஸின் இன்ஸ்டாலர் நிரல், விண்டோஸுக்குள் மறைந்திருக்கும் இன்ஸ்டாலர் ஃபோல்டரில் எம்எஸ்ஐ (மென்பொருளை நிறுவும் கோப்பு) நகலைத் தேடியிருக்கிறது. இடம் போதவில்லை என்று யாரோ அதைத் துடைத்திருக்கிறார்கள்.

பழைய பென்டிரைவில் அசல் எம்எஸ்ஐ கிடைத்தது. அதைக் காட்டியும் ஏற்கவில்லை! உற்றுப் பார்த்தால் பெயரின் கடைசியில் '(1)'. இரண்டாம் முறை டவுன்லோட் செய்தால் பிரவுசர் ஒட்டும் வால் அது. இன்ஸ்டாலரோ முதலில் நிறுவியபோது இருந்த பெயரையே தேடும். வாலை நறுக்கினேன், பேட்ச் ஏறிவிட்டது. அப்பாடா!

எம்எஸ்ஐ அதே பதிப்பாக இருக்கவேண்டும். புதியதை வைத்தால் ஏற்காது.