பறையை எந்தக் கட்டத்துக்குள் அடைப்பது? நாட்டார் இசையோடு மின்னணு ஒலியைச் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாட்டார் இசையை மின்னணு ஒலிகளோடு இணைத்துப் பார்க்க விரும்பும் பலரும் முதலில் கணினியைத் திறந்து வேகத்தை நிமிடத்துக்கு 120 தட்டு என்று குறித்துக்கொள்கிறார்கள். கிக் (கனத்த முரசுத் தட்டு), பேஸ் (தாழ்ந்த சுர ஒலி), சின்த் (மின்னணு முறையில் சுரங்களை உருவாக்கும் கருவி) எல்லாம் போட்டுத் தளத்தை முடித்துவிட்டு, அதன் மேல் வைப்பதற்கு ஒரு பறை அடியையோ ஒரு பாட்டியின் தாலாட்டையோ தேடிக்கொண்டு கிளம்புகிறார்கள். பின்னால் வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வரிசையிலேயே பிறந்துவிடுகின்றன. அந்தப் பாட்டுக்கென்று ஒரு காலக்கணக்கும் ஒரு சுருதியும் ஒரு சந்தர்ப்பமும் அதைப் பாடிய ஒரு மனிதரும் ஏற்கெனவே இருக்கிறார்கள். தளம் முன்பே கெட்டிப்பட்டுவிட்டால், இவற்றில் ஏதாவது ஒன்றை வெட்டித்தான் பாட்டை உள்ளே நுழைக்க முடியும். பாட்டை முதலில் முழுமையாகப் பதிவுசெய்துகொண்டு, மின்னணு ஒலிகளை அதைச் சுற்றி அமைப்பதே என் அனுபவத்தில் பலன் தந்த முறை. எனக்குப் பழக்கமான தமிழ்நாட்டு வாத்தியங்களை வைத்தே இதை விளக்குகிறேன்.

காலக்கணக்கில் நேரும் பிழைதான் மிகப் பரவலானது, உடனே கண்ணில் படாததும்கூட. நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 500 மில்லிநொடி. அதை நான்காகப் பகுத்தால் ஒவ்வொரு கட்டமும் 125 மில்லிநொடி. மென்பொருளின் கிரிட், அதாவது காலத்தைச் சமமாகப் பிரிக்கும் கட்ட வரிசை, இந்த 125ஐத் தவிர வேறெதையும் அறியாது. பறையிலோ, ஒரு கையில் இருக்கும் குட்டையான அடிக்குச்சியும் மறு கையில் இருக்கும் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சியும் ஒரே தன்மையான இடைவெளியில் விழுவதில்லை. சிண்டு சற்றுப் பிந்தி விழுவதிலோ முந்தி விழுவதிலோதான் ஓர் ஊரின் அடியை இன்னோர் ஊரின் அடியிலிருந்து பிரித்தறிகிறார்கள். ஒலிகளைக் கட்டத்துக்கு இழுத்து நிறுத்தும் குவாண்டைஸ் பொத்தானை அழுத்தும்போது அந்தப் பிந்தலும் முந்தலும் பிழையென்று கருதப்பட்டு நேராக்கப்படுகின்றன. இருபது மில்லிநொடி என்பது சொல்லக் கேட்டால் ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். ஆனால் ஆட்டக்காரரின் கால் அதைக் கண்டுபிடித்துவிடும்.

இதன் அடுத்த படி, மூன்று மூன்றாகப் பிரியும் மும்மை நடையை நான்கு நான்காகப் பிரியும் நான்மையில் திணிப்பது. கும்மிப் பாட்டுகளிலும் தெம்மாங்கிலும் கணிசமானவை மூன்று மூன்றாக நடப்பவை. அவற்றின் அடியில் நடன அரங்குக்கான நேர்த் தட்டை வைத்துவிட்டு, பொருந்தாத இடங்களில் பாட்டை இழுத்தும் சுருக்கியும் ஒட்டவைத்தால், பாடுபவர் எதையோ துரத்திக்கொண்டு ஓடுவதுபோல் கேட்கும். கிக்கையே மும்மைக்கு மாற்றுவது எளிது. ஏன் பலருக்கு இது தோன்றுவதில்லை என்பது எனக்கு விளங்காத ஒன்று. தாலாட்டிலும் ஒப்பாரியிலும் நிலைமை வேறு. அங்கே வரி முடிவதைத் தாளம் தீர்மானிப்பதில்லை, மூச்சு தீர்மானிக்கிறது. அத்தகைய பதிவை வைத்து வேலை செய்யும்போது, ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் கையால் குறித்து, மென்பொருளின் வேகத்தையே அந்தக் குறிகளுக்கேற்ப ஏறி இறங்கச் செய்யலாம். அல்லது அந்தப் பகுதி முழுவதும் தட்டே இல்லாமல் விட்டுவிடலாம். பெரும்பாலும் இதுதான் நன்றாக அமைகிறது.

நான் செய்த ஒரு தவறு இங்கே பொருந்தும். ஒரு பறைக் கலைஞரின் வாசிப்பை அருகிலிருந்து பதிவுசெய்து, அடிக்குச்சியின் ஒலியையும் சிண்டுக்குச்சியின் ஒலியையும் தனித்தனியாக நறுக்கி, ஒன்றை இடப்பக்கமும் மற்றொன்றை வலப்பக்கமும் வைத்திருந்தேன். ஹெட்போனில் அது மிகவும் விரிந்து ஒலித்ததாக எனக்குப் பெருமை. அவரிடம் போட்டுக் காட்டியபோது பாதியிலேயே ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “இது ரெண்டு பேர் அடிக்கிற மாதிரி இருக்கே தம்பி, நான் எங்க?” என்று கேட்டார். ஒரு தோலில், ஓர் உடலிலிருந்து வரும் இரண்டு ஒலிகளை அறையின் இரு மூலைகளுக்குத் துரத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு துண்டையே திரும்பத் திரும்ப ஒலிக்கவைக்கும் லூப் போடுவதிலும் இதே ஆபத்து உண்டு. நான்கு தட்டு நீளத் துண்டு ஒன்றை வெட்டி மூன்று நிமிடத்துக்கு நகலெடுத்தால், வாசிப்பவர் சிறிது சிறிதாக வலு ஏற்றிக்கொண்டு போய் ஓரிடத்தில் உடைத்துத் திருப்பும் அந்தப் போக்கே காணாமல் போய்விடும். முழு வாசிப்பையும் வைத்துக்கொண்டு, லூப் வேண்டுமென்றால் சின்த்தில் போடலாம்.

சுருதிக்கு வருவோம். நாகசுரத்தில் நீளமான பாரி ஏறக்குறைய இரண்டு, இரண்டரைக் கட்டையில் பேசும் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு). குட்டையான திமிரி அதைவிட உயர்ந்த சுருதியில். வாயில் வைத்து ஊதும் சீவாளியும் வாசிப்பவரின் உதட்டு அழுத்தமும் அன்றைய வெப்பமும் சேர்ந்து அந்தச் சுருதியைச் சற்று நகர்த்தும். சின்த் மட்டும், சுருதி சேர்ப்பதற்குப் பொது அளவாக வைத்திருக்கும் 440 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 440 அதிர்வு) கணக்கை விட்டு அசையாது. நாகசுரம் முப்பது சென்ட் (அடுத்தடுத்த இரு அரைச் சுரங்களின் இடைவெளியில் நூற்றில் முப்பது பங்கு) மேலே இருந்தால், 440இல் ஒலிக்க வேண்டிய சுரம் கிட்டத்தட்ட 448இல் ஒலிக்கும். இரண்டும் சேரும்போது நொடிக்கு ஏழெட்டு முறை ஒலி தத்தளிக்கும். இந்த இடத்தில் பலர், சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோடியூன் மென்பொருளை நாகசுரத்துக்குப் போடுகிறார்கள். அது அசைவுகளைப் படிக்கட்டுகளாக்கிவிடும். சின்த்தின் சுருதியை அந்த முப்பது சென்ட் உயர்த்துவதற்கு ஒரு குமிழைத் திருப்பினால் போதும். துணைச் சுருதியே இல்லாமல் வயலிலோ திண்ணையிலோ பாடிப் பழகியவர்களின் குரல், பாட்டு வளர வளரச் சற்று ஏறுவதும் இயல்பு. முதல் வரியில் சுருதி சேர்த்துவிட்டுக் கடைசி வரியைச் சோதிக்காமல் விடக் கூடாது.

பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கும் கார்டுகளைப் பற்றி ஒரே ஒரு சொல். ஐந்தாறு சுரங்களுக்குள் சுழலும் ஒரு மெட்டுக்கு அடியில் நான்கு கார்டுகளை மாற்றி மாற்றி வைத்தால், மெட்டில் இல்லாத சோகமும் இல்லாத மகிழ்ச்சியும் வெளியிலிருந்து வந்து ஏறிக்கொள்ளும். நாகசுரத்துக்குப் பக்கத்தில் ஒத்து என்ற வாத்தியம் ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே, சின்த்தின் நீண்டு நிற்கும் ஒலியான பேடுக்கு அந்த வேலையைக் கொடுத்துப் பார்க்கலாம்.

பதிவு நடக்கும் நாளிலேயே நேர்ந்துவிடும் தவறுகளைப் பின்னால் எந்தக் கருவியாலும் சரிசெய்ய இயலாது. தோல் பறையை நெருப்பில் காய்ச்சித்தான் விறைப்பேற்றுவார்கள். காய்ச்சிய சூடு ஆற ஆறத் தோல் தளர்ந்து ஒலி கீழிறங்கும். குளிரூட்டிய பதிவு அறையில், புகை எச்சரிக்கைக் கருவிக்குக் கீழே, அவரை ஒரு மணி நேரம் காக்கவைத்துவிட்டு வாசிக்கச் சொன்னால் கிடைப்பது பறையின் ஒலியன்று. வெளி முற்றத்தில் காய்ச்ச இடம் ஒதுக்குவதும், ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் காய்ச்சுவதற்கு நேரம் கொடுப்பதும், முதல் பதிவின் பாதியையும் ஐந்தாம் பதிவின் பாதியையும் ஒட்டும்போது சுருதி மாறியிருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். செயற்கைத் தோல் போட்ட பறைக்கு இந்தத் தொல்லை கிடையாது, ஆனால் அதன் ஒலி வேறு. பறை வாசிப்பவர் அடவு வைத்து ஆடிக்கொண்டே அடிப்பவர் என்பதால், அவரை நாற்காலியில் உட்காரவைத்து மைக்கை ஒரு சாண் தூரத்தில் நிறுத்துவது அவருடைய பாதி வாசிப்பைப் பறித்துக்கொள்வதாகும். மைக்கை ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி வைத்து, பதிவின் உச்ச அளவு, ஒலி சிதையத் தொடங்கும் எல்லைக்கு 12 டெசிபல் கீழே (மைனஸ் 12 டெசிபல்) நிற்கும்படி அமைத்தால் அவர் தாராளமாக நகரலாம். நாகசுரத்தின் அகன்ற வாயான அணைசுக்கு நேராக மைக் வைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். அதன் ஒலி துளைகளிலிருந்தும் வெளிவருவது. இன்னொன்று: ஹெட்போனில் தட்டுக் கணக்கைச் சொல்லும் கிளிக் ஒலியைக் கேட்டு வாசிக்கப் பழகாதவருக்கு ஒரு ஜால்ரா லூப்பைப் போட்டுக் கொடுத்தால் இயல்பாகச் சேர்ந்துகொள்வார்.

எல்லா ஒலிகளையும் அளவு பார்த்துச் சேர்க்கும் மிக்ஸ் வேலையில் இரண்டு இடங்களில் கவனம் போதும். உறுமியின் ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது எழும் முனகலும், தவிலின் தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்து அடியும், கிக்கும் பேஸும் புழங்கும் தாழ்ந்த ஒலிப் பகுதிக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. கிக் ஒலிக்கும்போதெல்லாம் மற்றவற்றைத் தாழ்த்தும் சைட்செயினை உறுமிக்குப் போட்டால், அந்த முனகல் துண்டு துண்டாகிவிடும். உறுமி வரும் இடத்தில் பேஸை விலக்கிவைப்பதே நல்லது. இரண்டாவது, கடைசியில் ஒலியை மிகையாக உயர்த்துவது. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு) அளவை ஒட்டி எல்லாப் பாட்டையும் சமன்செய்துவிடுவதால், ஒலியின் உச்சங்களை அமுக்கும் லிமிட்டரில் பறையின் முதல் தெறிப்பை நசுக்கிப் பெறும் உரப்பு கேட்பவரைச் சேர்வதே இல்லை. சேவல் கூவலையும் மாட்டுமணியையும் தூவிக் கிராமத்தை வரவழைக்கும் வழக்கத்தைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

சந்தர்ப்பம் அறியாமல் எடுத்தாள்வது வேறு வகைத் தவறு. பறையில் சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு வேறோர் அடி உண்டு. உறுமிக்கும் உடுக்கைக்கும் சில அடிகளில் அருள் வந்து ஆடுபவர்கள் இருக்கிறார்கள். எந்த அடியை எதற்காக அடித்தார் என்பதை வாசித்தவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பயன்படுத்துவதா இல்லையா என்று முடிவுசெய்யலாம். சாவு அடியையே மேடையில் பெருமையோடு வாசிக்கும் குழுக்கள் இருக்கும்போது, நாமாக ஒரு தடை விதிப்பதும் அறியாமையே.

உரிமை குறித்த குழப்பம் இன்னும் பெரியது. “நாட்டுப்புறப் பாட்டுதானே, யாருக்கும் சொந்தமில்லை” என்பார்கள். மெட்டுக்கு அது பொருந்தலாம், பதிவுக்குப் பொருந்தாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு உரிமை உண்டு, நிகழ்த்தியவருக்கு 50 ஆண்டு உரிமை உண்டு. தன் பெயர் சொல்லப்பட வேண்டும் என்றும், தன் நற்பெயர் கெடும்படி வாசிப்பைச் சிதைக்கக் கூடாது என்றும் கோரும் உரிமையை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துநருக்குச் சேர்த்தது.

பெயரைத் தொலைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாலமன் தீவுகளின் ஒரு தாலாட்டே சாட்சி. மலைத்தா தீவில் அஃபுனாக்வா என்ற பெண், தகப்பனை இழந்து அழும் தம்பியைத் தேற்றும் பாட்டு ஒன்றைப் பாட, இசை ஆய்வாளர் ஹ்யூகோ செம்ப் 1970 வாக்கில் அதைப் பதிவுசெய்தார். யுனெஸ்கோ வரிசையில் 1973இல் அது இசைத்தட்டாக வந்தது. பிரெஞ்சு இரட்டையரான டீப் ஃபாரஸ்ட் அந்தக் குரலை எடுத்து மின்னணுத் தாளம் சேர்த்து 1992இல் வெளியிட்ட பாட்டு உலகெங்கும் விற்றது. பாடியவர் பெயர் அதில் இல்லை. அந்த இசைத்தொகுப்பு மத்திய ஆப்பிரிக்கப் பிக்மி மக்களின் இசையை முன்னிறுத்தியதால், பசிபிக் தீவின் தாலாட்டும் ஆப்பிரிக்கப் பாட்டாகவே நம்பப்பட்டது. நோர்வே சாக்சபோன் கலைஞர் யான் கார்பாரெக் 1996இல் அதே மெட்டைப் பிக்மி தாலாட்டு என்ற தலைப்பிலேயே வாசித்துப் பதிவுசெய்தார். ஒருவர் விட்ட பிழையை அடுத்தவர் உண்மையென்று சுமந்துபோனார்.

ஆகவே பதிவு நாளன்றே ஒரு தாளை எடுத்து, வாசித்தவர் பெயர், ஊர், வாத்தியம், பாட்டை யாரிடம் கற்றார், எந்தச் சந்தர்ப்பத்தில் பாடப்படுவது, எவ்வளவு பணம், பாட்டு வருமானம் ஈட்டினால் பங்கு எவ்வளவு என்பனவற்றைத் தமிழில் எழுதி இருவரும் கையொப்பமிட்டுக்கொள்ள வேண்டும். முன்பு சொன்ன பறைக் கலைஞரிடம், ஒலிகளைப் பழையபடி நடுவில் சேர்த்து மீண்டும் போட்டுக் காட்டியபோது அவர் மிக்ஸைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பெயர்ப் பட்டியலைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, முற்றத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பறை காய்ச்சிக் கொடுத்த பையனின் பெயர் விட்டுப்போயிருப்பதைச் சொன்னார். அதையும் சேர்த்த பிறகுதான் தாளில் கையொப்பமிட்டார்.