பள்ளி மாணவர் சுகாதாரக் கணக்கெடுப்பு: ஆர் மென்பொருளில் எடையோடு கணக்குப் போடுவது எப்படி?

முதுகலை ஆய்வேட்டுக்காக, மலேசியாவில் 2012-இல் எடுத்த பள்ளி மாணவர் சுகாதாரக் கணக்கெடுப்பின் தரவைக் கையில் எடுத்தேன். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள், படிவம் 1 முதல் 5 வரை, 25,000 பேருக்கு மேல். உலகச் சுகாதார நிறுவனத்தின் தரவுக் களஞ்சியத்தில் கிடைக்கிறது. முதல் அட்டவணையைக் காட்டியதும் என் மேற்பார்வையாளர் சிரித்துவிட்டார். "தம்பி, இத்தனை மில்லியன் பிள்ளைங்களையும் நீங்களே போய்க் கேட்டீங்களா?"

எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் 'வெயிட் கேஸஸ்' பொத்தானை அழுத்தியதன் விளைவு அது. இங்கே எடை என்றால் உடல் எடை இல்லை, கணக்கெடுப்பில் வந்த ஒரு மாணவன் நாட்டில் எத்தனை மாணவர்களுக்காக நிற்கிறான் என்ற எண். ஒரு மாணவனின் எடை 80 என்றால், அவனைப் போல 80 பேர் உண்மையிலேயே படிவம் நிரப்பியதாக அந்த மென்பொருள் எடுத்துக்கொள்ளும். பி மதிப்பெல்லாம் (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இப்படி ஒரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.001-க்குக் கீழே போய்விட்டது. நானோ பெரிய கண்டுபிடிப்பு என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன். இதைச் சரியாகச் செய்ய எஸ்பிஎஸ்எஸ்-இல் தனித் தொகுதி உண்டு, அதற்குத் தனிக் காசு. ஸ்டாட்டா என்ற இன்னொரு மென்பொருள் நன்றாகவே செய்யும், அதுவும் காசுதான். ஆர் இலவசம். தாமஸ் லம்லி எழுதிய 'சர்வே' தொகுப்பு இருக்கும்போது வேறு எதற்கும் செலவழிக்க வேண்டாம் என்பது என் கட்சி.

படி 1: தரவைத் திறந்ததும் வெயிட், ஸ்ட்ரேட்டம், பிஎஸ்யு என்ற மூன்று நெடுவரிசைகளைத் தேடுங்கள். எடை, அடுக்கு (மாதிரி எடுக்கும் முன்பே பிரித்துவைத்த குழு), முதலில் தேர்ந்தெடுத்த அலகு (பெரும்பாலும் பள்ளி). இவை இல்லாத கோப்பு கையில் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? இந்தக் கணக்கெடுப்பில் மாணவர்களைத் தனித்தனியாகப் பொறுக்குவதில்லை. முதலில் பள்ளிகள், அப்புறம் அங்கே சில வகுப்புகள், அந்த வகுப்பில் இருக்கும் எல்லாரும். ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்பவர்கள். ஒருவன் சிகரெட் கொண்டுவந்தால் பின்வரிசை முழுக்கப் புகை. பாலிக் புலாவ் வகுப்பு ஒன்றில் 30 பேரைக் கேட்பதும், பினாங்குத் தீவு முழுக்கச் சிதறிய 30 பேரைக் கேட்பதும் ஒன்றல்ல. வகுப்புக்குள் ஒற்றுமை (எல்லாரும் அச்சாக ஒரே மாதிரி என்றால் 1) வெறும் 0.05 என்று வைத்துக்கொண்டாலும் 1 + (29 × 0.05) = 2.45; 29 என்பது 30-இல் ஒன்று குறைவு. மாணவர் எண்ணிக்கையை இந்த 2.45-ஆல் வகுக்க வேண்டும். அதாவது 25,000 பேர் சுமார் 10,200 பேருக்குச் சமம்.

படி 2: மாதிரி எடுத்த விதத்தை ஆருக்குச் சொல்லும் 'எஸ்விஒய்டிசைன்' கட்டளையில் ஐடிஸ் என்ற இடத்தில் பிஎஸ்யு, ஸ்ட்ரேட்டா என்ற இடத்தில் ஸ்ட்ரேட்டம், வெயிட்ஸ் என்ற இடத்தில் வெயிட். 'நெஸ்ட்' என்பதை ட்ரூ ஆக்கிவிடுங்கள். பள்ளி எண்கள் ஒவ்வோர் அடுக்கிலும் 1, 2 என்று திரும்ப வந்தால், அது இல்லாமல் ஆர் முரண்டு பிடிக்கும்.

படி 3: இங்கேதான் நான் இரண்டு வாரம் மாட்டிக்கொண்டேன்.

எனக்கு வேண்டியது புகைக்கும் மாணவிகள் மட்டும். அவர்களில் எத்தனை பேர் விட முயன்றார்கள் என்பது கேள்வி. சரி, எதற்கு மற்றவர்கள் என்று முதலிலேயே தரவை வடிகட்டி, மிச்சத்தை மட்டும் எஸ்விஒய்டிசைனுக்குள் போட்டேன். ஓர் அடுக்கில் ஒரே ஒரு பிஎஸ்யுதான் இருக்கிறது என்று பிழைச்செய்தி வந்தது. தேடிப் பார்த்ததில் 'சர்வே.லோன்லி.பிஎஸ்யு' என்ற அமைப்பை 'அட்ஜஸ்ட்' என்று மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன், வாயை மூடிக்கொண்டது. நோயைப் பார்க்காமல் வலி மாத்திரை போட்ட கதை.

நடந்தது இதுதான். புகைக்கும் மாணவி ஒருவர்கூட அகப்படாத பள்ளிகள் வடிகட்டியதில் அடியோடு காணாமல் போயின. அந்தப் பள்ளிகளுக்கும் ஆய்வுக் குழு போனது என்பதே ஆருக்குத் தெரியாது. பூஜ்யமும் ஒரு பதில்தானே? முழுத் தரவையும் வைத்து வடிவமைப்பைக் கட்டிவிட்டு, அந்த வடிவமைப்பின் மேல் 'சப்செட்' போட வேண்டும். அப்படிச் செய்தால் காலிப் பள்ளிகளும் கணக்கில் நிற்கும். வயிற்றெரிச்சல் என்னவென்றால், இரண்டு வழியிலும் விழுக்காடு ஒன்றேதான் வரும். திட்டப்பிழையும் (மதிப்பீடு எவ்வளவு ஆடும் என்ற அளவு) நம்பக இடைவெளியும் (உண்மை விழுக்காடு இருக்கக்கூடிய எல்லைகள்) மட்டும் மாறும். அதனால்தான் யார் கண்ணிலும் படாமல் ஆய்வேட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. நானும் ஒரு நாள் காலை பசியாறிக்கொண்டே இரண்டு அட்டவணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது.

படி 4: விழுக்காட்டுக்கு 'எஸ்விஒய்சிஐப்ராப்'. அரிதான பழக்கங்களுக்குச் சராசரி எடுக்கும் எஸ்விஒய்மீன் வழியாக இடைவெளி போட்டால் கீழ் எல்லை சில நேரம் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கும், அசிங்கமாக இருக்கும். ஆண், பெண் ஒப்பீட்டுக்கு 'எஸ்விஒய்சைஸ்க்'. மாதிரி எடுத்த விதத்துக்கு ஏற்பச் சோதனையைச் சரிசெய்யும் ராவ்–ஸ்காட் திருத்தத்தை அது தானே போட்டுக்கொள்ளும். ஆம்/இல்லை பதிலைக் கணிக்கும் லாஜிஸ்டிக் மாதிரிக்கு 'எஸ்விஒய்ஜிஎல்எம்', குடும்பம் குவாஸிபைனாமியல். வெறும் பைனாமியல் என்றால் முழு எண் இல்லை என்று எச்சரிக்கை வரும். எடை பின்னமாக இருப்பதால் வருவது அது, பயப்பட வேண்டாம்.

பின்சேர்க்கை: கிள்ளானிலிருந்து ஒரு தங்கை, "அண்ணா, எனக்குச் சராசரி 1.83 வருகிறது, விழுக்காடு எப்படி ஒன்றைத் தாண்டும்?" என்று கேட்டிருந்தார். என் தவறுதான், சொல்ல மறந்துவிட்டேன். க்யூஎன் என்று தொடங்கும் மாறிகளில் 1 என்றால் ஆம், 2 என்றால் இல்லை. இல்லை என்பதை 0 ஆக மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள், 0.17 வரும். விடுபட்ட பதில்களையும் 0 ஆக்கிவிடாதீர்கள், அவை விடுபட்டவையாகவே இருக்கட்டும்.

இன்னொரு பின்சேர்க்கை: 2012-ஐ 2017, 2022 தேசிய ஆய்வுகளோடு ஒட்டலாமா என்று இருவர் கேட்டார்கள். அந்தத் தரவு கையில் இருந்தால் ஒட்டலாம். முதலில் கேள்வியின் சொற்கள் மாறவில்லையா என்று வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். அப்புறம், 2012-இன் 3-ஆம் அடுக்கும் 2017-இன் 3-ஆம் அடுக்கும் ஒன்றல்ல. ஆண்டையும் அடுக்கு எண்ணையும் சேர்த்துப் புதுப் பெயர் கொடுங்கள், பிஎஸ்யுவுக்கும் அப்படியே. அதற்குப் பிறகுதான் எஸ்விஒய்டிசைன்.