வாட்டர் ஹீட்டருக்குத் தனிக் காவல் வேண்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய தோட்ட வீடுகளைப் புதுப்பிப்பவர்கள் கூரையைப் பார்க்கிறார்கள், தரையைப் பார்க்கிறார்கள். சுவிட்ச் பெட்டியையும் பாருங்கள். அதில் வரிசையாக இருக்கும் சிறு சுவிட்சுகளான எம்சிபி, வயர் சூடேறித் தீப்பற்றாமல் காப்பது. மின்கசிவிலிருந்து ஆளைக் காப்பது சோதனைப் பொத்தான் உள்ள ஆர்சிசிபி; கசிவு அதற்குரிய மில்லி ஆம்பியர் அளவை எட்டினால் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். முதன்மை இணைப்பில் 100 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று இருந்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். கையில் பிடித்து இயக்கும் சாதனங்களுக்கு 30, குளியலறை வாட்டர் ஹீட்டருக்குத் தனியாக 10 மில்லி ஆம்பியர் வேண்டும். நனைந்த உடம்பில் மின்சாரம் எளிதாகப் பாயும். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

பிறகு வெளிச்சுவர் ஓரம் குனிந்து பாருங்கள். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுசெல்லும் பச்சை மஞ்சள் எர்த் வயர், மண்ணில் அடித்த செம்பு பூசிய கம்பியோடு இறுகப் பிணைந்திருக்க வேண்டும். நம் ஊர் மழையில் அந்தப் பிடிப்பு களிம்பேறித் தளர்ந்துவிடும். சில வீடுகளில் புல்வெட்டும் இயந்திரமே வயரை அறுத்திருக்கும். நீங்களே கைவைக்காமல், பதிவு பெற்ற வயர்மேனை அழைத்து எர்த் இணைப்பின் மின்தடை அளவையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். ஆர்சிசிபி உடனே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்காவிட்டால், சரிசெய்யும்வரை அந்த ஹீட்டரைப் பயன்படுத்தாதீர்கள்.