மொட்டைமாடி டேங்க் அலாரத்தை வைத்தே சர்க்யூட் டிசைன் கற்றுக்கொள்ளலாம்

எலக்ட்ரானிக்ஸ் கற்கக் கிளம்புகிற பலரும் செய்வது ஒன்றுதான். யூடியூபில் ஒரு வீடியோ பார்த்து, அதில் சொன்ன பார்ட்ஸை அப்படியே வாங்கி, அப்படியே பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமலே பார்ட்ஸைச் செருகி இணைக்கிற பலகை) குத்தி, எல்இடி எரிந்ததும் ஸ்டேட்டஸில் போட்டுவிடுவார்கள். தப்பில்லை. ஆனால் ஆறு மாதம் இப்படிப் போன பிறகும் "இந்த இடத்துல ஏன் 1 கிலோ ஓம்?" என்று யாராவது கேட்டால் திருதிருவென்று முழிக்கத்தான் வேண்டும். டிசைன் கைக்கு வர வேண்டுமென்றால், வீட்டுக்கு நிஜமாகவே தேவைப்படுகிற ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பார்ட்டுக்கும் கணக்குப் போட்ட பிறகே அதைக் கையில் எடுக்க வேண்டும்.

வட சென்னையில் தேவையைத் தேடி அலைய வேண்டியதில்லை. மெட்ரோ வாட்டர் வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். டேங்க் நிரம்பி மாடியிலிருந்து தண்ணீர் கொட்டி, பக்கத்து வீட்டு அக்கா "மோட்டார ஆஃப் பண்ணுங்கப்பா" என்று குரல் கொடுத்த பிறகுதான் ஓடுவோம். அக்காவின் வேலையை ஒரு பஸ்ஸருக்குக் கொடுப்போம்: டேங்கின் மேல்மட்டத்தில் இருக்கும் இரண்டு கம்பிகளைத் தண்ணீர் தொட்டதும் அது கத்த வேண்டும்.

பார்ட்ஸுக்கு சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் கவர்ன்மென்ட் எஸ்டேட் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள், ஏனென்றால் அங்கே கூட்ட நேரத்தில் "ஒரு ரெசிஸ்டர் குடுங்க" என்று நின்றால் கடைக்காரர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். பிரெட்போர்டு, சுமாரான ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், கால் வாட் ரெசிஸ்டர் கலவையாக, பிசி547 டிரான்சிஸ்டர் பத்து, 100 நானோ ஃபாரட் செராமிக் கெபாசிட்டர் கொஞ்சம், எல்இடி, நேரடியாக பேட்டரி கொடுத்தாலே கத்துகிற பஸ்ஸர் ஒன்று, 9 வோல்ட் பேட்டரியும் அதற்கான கிளிப்பும். புரோகிராம் போட்டு இயக்குகிற ஆர்டுயினோ போர்டு இப்போதைக்கு வேண்டாம். அதை வாங்கினால் சர்க்யூட்டை விட்டுவிட்டுப் புரோகிராம் எழுத உட்கார்ந்துவிடுவீர்கள்.

முதலில் கை பழக ஓர் எல்இடி. சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், 9 வோல்ட்டில் மீதி 7. வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் ஓம்; 15 மில்லி ஆம்ப் போதும் என்றால் 7-ஐ 0.015-ஆல் வகுக்க 466 ஓம் வருகிறது, கடையில் கிடைப்பது 470, மஞ்சள் ஊதா பிரவுன். ரெசிஸ்டரில் சூடாகப் போவது 0.1 வாட்தான், கால் வாட் தாராளம். இந்தக் கணக்கு மனதில் பதிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பிரெட்போர்டில் ஒரு விஷயம்: நீளமான போர்டு சிலவற்றில் ஓரத்து சப்ளை வரிசை நடுவில் துண்டாகியிருக்கும், பார்த்தால் தெரியாது, மீட்டரில் பீப் வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இனி தண்ணீர். இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டால் அது ஒரு ரெசிஸ்டர் மாதிரி நடந்துகொள்ளும். எத்தனை ஓம்? மீட்டரை ஓமில் வைத்து அளந்தால் எண் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் சுற்றி வருவோம். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு கம்பி தண்ணீருக்குள், இன்னொரு கம்பியிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக மைனஸுக்கு. 10 கிலோ ஓமின் இரு முனையில் வோல்டேஜ் பாருங்கள். 1.5 வோல்ட் காட்டினால் கரண்ட் 0.15 மில்லி ஆம்ப், தண்ணீரின் மேல் நிற்பது 7.5 வோல்ட், ஆக தண்ணீர் 50 கிலோ ஓம். உங்கள் வீட்டில் வேறு எண் வரும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் குறையும், மெட்ரோ வாட்டரில் கூடும். அதிகமாக வருகிற எண்ணை வைத்துத்தான் டிசைன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் போர் தண்ணீரில் கத்துகிற அலாரம் மெட்ரோ வாட்டர் வருகிற அன்று ஊமையாகிவிடும்.

மீட்டரின் சிவப்பு வயரைக் கரண்ட் துளைக்கு மாற்றி, பஸ்ஸரை மீட்டரோடு தொடராக இணைத்து எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். 25 மில்லி ஆம்ப் என்று வைத்துக்கொள்வோம். பார்த்து முடித்ததும் சிவப்பு வயரைப் பழைய துளைக்கு மாற்றிவிடுங்கள், கரண்ட் துளையில் விட்டபடியே பேட்டரியின் வோல்டேஜ் பார்க்கப் போனால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

டிரான்சிஸ்டரின் பேஸ் காலில் தண்ணீர் வழியாக நுழைகிற சின்ன கரண்ட், கலெக்டர் காலில் பல மடங்காக ஓடும்; அந்த மடங்குதான் கெயின். பஸ்ஸரை ஓட்ட ஒரு பிசி547 போதுமா? பேஸில் 0.7 வோல்ட் போக மீதி 8.3, அதை 50 கிலோ ஓமால் வகுத்தால் 0.17 மில்லி ஆம்ப். டேட்டாஷீட்டில், அதாவது கம்பெனி தருகிற விவரத்தாளில், கெயின் குறைந்தபட்சம் 110. பெருக்கினால் 18 மில்லி ஆம்ப். நமக்கு வேண்டியது 25. பஸ்ஸர் முனகும், பேட்டரி இறங்க இறங்க அதுவும் நின்றுவிடும். சிலர் வாங்கிய டிரான்சிஸ்டரில் கெயின் 300 இருக்கும், அவர்களுக்கு வேலை செய்யும், அதைப் பார்த்துக் காப்பியடித்தவருக்குச் செய்யாது. டேட்டாஷீட்டில் எப்போதும் மோசமான எண்ணைத்தான் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

அதனால் இரண்டு டிரான்சிஸ்டர், டார்லிங்டன் முறையில்: முதலாவது பெருக்கியதை இரண்டாவது மறுபடி பெருக்கும். கால்கள் கீழே, தட்டையான முகம் உங்களைப் பார்க்க இருந்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். முதலாவதன் எமிட்டர் இரண்டாவதன் பேஸுக்கு, இரண்டாவதன் எமிட்டர் மைனஸுக்கு, இரண்டு கலெக்டரும் சேர்ந்து பஸ்ஸரின் மைனஸ் காலுக்கு, பஸ்ஸரின் பிளஸ் பேட்டரி பிளஸ்ஸுக்கு. டேங்கின் ஒரு கம்பி பேட்டரி பிளஸ்ஸில், மற்றது 1 கிலோ ஓம் வழியாக முதல் பேஸுக்கு. கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலும் பேஸில் 8 மில்லி ஆம்புக்கு மேல் போகாமல் அந்த 1 கிலோ ஓம் பார்த்துக்கொள்ளும்.

டம்ளர் தண்ணீரில் கத்தியதும் முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் கம்பியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் நனைந்து, டேங்க் காலியாக இருக்கும்போதே கரண்ட் கசியும். அந்தக் கசிவு 1 மெகா ஓம் என்று எடுத்துக்கொண்டு, முதல் பேஸிலிருந்து மைனஸுக்கு 100 கிலோ ஓம் போட்டால், பேஸில் வருவது 0.8 வோல்ட்தான். இரண்டு பேஸ் தாண்ட வேண்டியிருப்பதால் டார்லிங்டன் விழிக்க 1.2 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், ஆகவே சத்தம் வராது. உண்மையான தண்ணீர் வந்தால் 50 கிலோ ஓம் எளிதாக ஜெயித்துவிடும். மாடியிலிருந்து வரும் நீள வயர் வீட்டு கரண்டின் இரைச்சலையும் பிடித்துக்கொண்டு வரும், அதற்கு அதே பேஸிலிருந்து மைனஸுக்கு ஒரு 100 நானோ ஃபாரட்.

கம்பிக்குச் செம்பு வேண்டவே வேண்டாம். பிளஸ் பக்கம் கரைந்து குடிக்கிற தண்ணீரில் கலக்கும். எவர்சில்வர் போல்ட் இரண்டு போதும்.

பிரெட்போர்டில் சரியாக வந்ததும் துளை போர்டில் சால்டர் செய்யுங்கள். ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் காற்றில் செம்பு சீக்கிரம் பச்சை பூத்துவிடும், எனவே ஃப்ளக்ஸை (சால்டர் செய்யும்போது ஒட்டிக்கொள்ளும் பிசின்) சுத்தமாகத் துடைத்துவிட்டு அடிப்பக்கம் நெயில் பாலிஷ் அடித்துவிடலாம். விலை குறைந்ததே போதும், கலர் உங்கள் இஷ்டம்.

மோட்டாரைத் தானாக நிறுத்த வேண்டும் என்ற ஆசை அடுத்த வாரமே வரும். சின்ன கரண்டால் இயங்கும் சுவிட்சான ரிலே, அதன் காயிலுக்குக் குறுக்கே கோடு போட்ட முனை பிளஸ் பக்கம் இருக்கும்படி ஒரு 4007 டையோடு, இதுவரை நீங்களே செய்யலாம். ஆனால் மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும், சின்ன ரிலே தாங்காது, நடுவில் பெரிய கரண்டைத் தாங்குகிற காண்டாக்டர் வேண்டும். அந்த 230 வோல்ட் பக்கத்தை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

ரிலேக்காக சப்ளையை 12 வோல்ட்டுக்கு மாற்றும்போது பழைய எண்களை அப்படியே விட்டுவிடக் கூடாது. அதே 1 மெகா ஓம் கசிவில் இப்போது பேஸில் 1.1 வோல்ட் வந்து நிற்கும், விழிக்கிற அளவுக்குப் பக்கத்தில். 100 கிலோ ஓமைக் கழற்றிவிட்டு 68 கிலோ ஓம் போடுங்கள்.