சேறு திருப்பித் தருவது எவ்வளவு? எக்செல் தாளில் கணக்கிடப் பழகுவோம்

பினாங்கில் கடல் வற்றிய வேளையில் ஜூரு ஆறு கடலில் கலக்கும் கோலா ஜூருப் பக்கம் சென்று சேற்றைக் குச்சியால் கிளறிப் பாருங்கள். மேலே மெல்லிய பழுப்புத் தோல், அதன் கீழே கறுப்பு, அழுகிய முட்டை வாடை. பிராணவாயு எட்டாத அந்தக் கறுப்பில் நுண்ணுயிர்கள் மட்கைச் சிதைக்கின்றன. அப்போது பிறக்கும் அமோனியம் (நைட்ரஜன் கொண்ட ஓர் அயனி) சேற்றுத் துகள்களுக்கு இடையிலுள்ள நீரில் சேர்ந்து மெல்ல மேலேறுகிறது. ஆற்றில் கழிவு விழுவது இன்றே நின்றாலும் இந்தக் கசிவு உடனே நிற்காது. ஆறு தேறிவிட்டதா என்று சொல்ல விரும்புகிறவர்கள் முதலில் இதைக் கணக்கிட்டாக வேண்டும்.

முதலில் நுண்துளைமை, அதாவது சேற்றின் மொத்தப் பருமனில் நீர் நிற்கும் இடத்தின் பங்கு. 100 கிராம் ஈரச் சேற்றை 105 பாகை செல்சியஸில் எடை மாறாத வரை உலர்த்துங்கள். 40 கிராம் மிஞ்சினால், போனது 60 மில்லிலிட்டர் நீர். துகளின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 2.65 கிராம் எனக் கொண்டால் திடப்பொருளின் பருமன் 15.1 மில்லிலிட்டர். ஆக 60 ÷ 75.1 = 0.80. உப்புக்கான சிறு திருத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து விரவல் கெழு, அதாவது ஒரு பொருள் தானாக எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதைக் காட்டும் எண். வெறும் நீரில் அமோனியத்துக்கு 25 பாகையில் அது நொடிக்கு ஏறத்தாழ 2×10⁻⁹ சதுர மீட்டர். சேற்றிலோ மூலக்கூறு துகள்களைச் சுற்றி வளைந்து போக வேண்டும். சேற்று வேதியியல் ஆய்வாளர் பூத்ரோ 1996இல் தந்த சூத்திரப்படி அந்த எண்ணை 1 − ln(0.80²), அதாவது 1.45ஆல் வகுங்கள் (ln என்பது இயல் மடக்கை): 1.38×10⁻⁹.

இப்போது ஃபிக்கின் விதி: செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பொருள் பரவும் வேகம், தூரத்துக்குச் செறிவு மாறும் அளவான சரிவைப் பொறுத்தது. மேல்நீரில் அமோனியம் லிட்டருக்கு 10 மைக்ரோமோல், 2 சென்டிமீட்டர் ஆழத்தில் 210 என்று வைப்போம் (பயிற்சிக்காக எடுத்த எண்கள், ஜூருவின் அளவீடு அல்ல). தொடக்கநிலையினர் பெரும்பாலும் தடுக்கி விழுவது அலகில்தான்: லிட்டருக்கு ஒரு மைக்ரோமோல் என்பது கனமீட்டருக்கு ஒரு மில்லிமோல். சரிவு 200 ÷ 0.02 = 10,000. அதை 0.80, 1.38×10⁻⁹, ஒரு நாளின் 86,400 நொடிகள் ஆகியவற்றால் பெருக்கினால், ஒரு சதுர மீட்டர் சேறு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.95 மில்லிமோலை மேலே விடுகிறது.

காலத்தோடு நகர்த்த, சேற்றை 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக எக்செலில் வரிசைப்படுத்துங்கள். ஒவ்வோர் அடுக்கின் புதிய செறிவும் மேல், கீழ் அண்டை அடுக்குகளைப் பார்த்து மாறும். மட்கு சிதைவதால் பிறப்பதையும் கூட்டுங்கள். ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்கு நகரும் இடைவெளியான காலப்படி 24 நிமிடத்தைத் தாண்டினால் எண்கள் வெடித்துச் சிதறும். 10 நிமிடம் போதும். பொறுமையும் வேண்டும்: விரவல் ஒரு சென்டிமீட்டரைக் கடக்க சுமார் 10 மணி நேரமாகும், 10 சென்டிமீட்டருக்கோ 42 நாள்.

கடைசியாகச் சேற்றிடமே கேளுங்கள். அடியில்லாத ஒரு வாளியைச் சேற்றில் அழுத்தி, உள்ளே 20 சென்டிமீட்டர் நீர் நிற்கும்படி செய்து, மணிக்கொரு மாதிரி எடுங்கள். நம் கணக்குப்படி அமோனியம் மணிக்கு லிட்டருக்கு 0.2 மைக்ரோமோல் ஏற வேண்டும். அதைவிட வேகமாக ஏறினால், நண்டும் புழுவும் தம் வளை வழியே நீரை இறைக்கின்றனவா என்று பாருங்கள். அப்படியானால் ஒவ்வோர் அடுக்குக்கும் மேல்நீருக்கும் உள்ள செறிவு வேறுபாட்டை ஒரு வீதத்தால் பெருக்கி, அந்த அடுக்கிலிருந்து கழியுங்கள். வாளி காட்டும் எண்ணோடு பொருந்தும் வரை அந்த வீதத்தை மாற்றிக்கொண்டே வாருங்கள்.